அரிவாளுக்கு முன் மூக்கு: வாசனைத் தழைகளை எப்போது வெட்டுவது

எங்கள் கொட்டகைச் சுவரில் ஓர் ஆணியில் நோட்டு ஒன்று தொங்குகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிற கோடு போட்ட நோட்டுதான். அட்டை எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துவிட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் அதில் ஒரு வரி: தேதி, எத்தனை மணிக்கு வெட்டினோம், பூ எந்த நிலையில் இருந்தது, கடைசி மழை எப்போது, தழை எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை மில்லி. கடைசிக் கட்டத்தில் வாசனையை ஒரே சொல்லில் எழுதுவேன். ‘கிராம்பு’, ‘பச்சைப்புல்’, ‘புளிப்பு’ என்று.

முதல் பக்கத்தின் முதல் வரியில் ‘நாறல்’ என்று இருக்கும்.

நான் விவசாயக் குடும்பம்தான், ஆனால் விவசாயம் பார்த்தவள் இல்லை. 26 வருடம் பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். ஓய்வு பெற்றதும் கையில் வந்த பணத்தில் சிறுமலை அடிவாரத்தில் இருந்த எங்கள் நிலத்தில் சின்ன வாலை ஒன்று போட்டேன். தழைக்குள் நீராவி விட்டு, அதைக் குளிரவைத்து வாசனை எண்ணெய் வடிக்கிற கலம் அது. சித்த வைத்தியர்கள் தீநீர் இறக்குகிற அதே வாலைதான். மண்ணும் செம்பும் போய் எவர்சில்வர் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு தடவைக்கு 80 கிலோ தழை கொள்ளும். துளசி அரை ஏக்கர், எலுமிச்சைப்புல் அரை ஏக்கர், வரப்போரம் வெட்டிவேர், கிணற்றடியில் புதினா.

அந்த முதல் வெட்டு ஐப்பசியில் நடந்தது. துளசி நட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. செடி தளதளவென்று நின்றது. இரண்டு நாள் அடைமழை விட்டு மறுநாள் வெயில் எட்டிப் பார்த்ததும் ஆள் விட்டு வெட்டிவிட்டேன். எடை போட்டபோது ஏக சந்தோஷம். அன்று வாலை ஏற்ற நேரமில்லை, ஈரத்தோடு கொட்டகையில் குவித்துவிட்டுத் தூங்கப் போனேன். விடியற்காலை குவியலுக்குள் கை விட்டால் சூடு, மாட்டுச் சாணக் குழிக்குள் கை விட்ட மாதிரி. 80 கிலோவுக்குச் சுமார் 45 மில்லி எண்ணெய் இறங்கியது. வாங்க வந்த வியாபாரி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, மரியாதையான மனிதர், ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார்.

அந்த ஒரே வெட்டில் நான்கு தப்பு செய்திருந்தேன். செடிக்கு வயது போதவில்லை, பூ வரவில்லை, மழை காயவில்லை, வெட்டியதைக் குவித்து வைத்தேன். பிறகு வந்த வருடங்களில் அந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இப்போது அதே பாத்தியில் அதே 80 கிலோவுக்கு 110 முதல் 130 மில்லி வருகிறது. உரமும் விதையும் மாறவில்லை. வெட்டுகிற நாளும் நேரமும்தான் மாறின.

எதற்காக வெட்டுகிறோம்?

வாசனைச் செடிக்கு மூன்று உச்சங்கள் உண்டு. தழை எடை மிக அதிகமாக இருக்கும் நாள் ஒன்று. ஒரு கிலோ தழையில் எண்ணெய் மிக அதிகமாக இருக்கும் நாள் இன்னொன்று. அந்த எண்ணெயின் வாசனை நாம் விரும்புகிறபடி இருக்கும் நாள் மூன்றாவது. மூன்றும் ஒரே நாளில் வந்துவிட்டால் எனக்கு இந்த நோட்டே தேவைப்பட்டிருக்காது. அவை வருவதில்லை. தழையை எடை போட்டு விற்கிறவர் ஒரு நாளில் வெட்டுவார், எண்ணெய் இறக்குகிறவர் வேறு நாளில் வெட்டுவார், வீட்டில் கஷாயத்துக்கோ டீக்கோ காய வைக்கிறவர் இன்னொரு நாளில் கிள்ளுவார். மூவரும் சரிதான். தப்பு செய்கிறவர் எதற்காக வெட்டுகிறோம் என்று முடிவு செய்யாமல் அரிவாளை எடுக்கிறவர். என்னை மாதிரி.

எண்ணெய் செடியில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. துளசி, புதினா, ஓமவல்லி, திருநீற்றுப்பச்சிலை எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் எண்ணெய் இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுரப்பிகளில் இருக்கிறது. நகைக்கடையில் கல் பார்க்கிற 10 மடங்கு லென்ஸ் இருந்தால் புதினா இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெயிலில் மினுக்கும் மஞ்சள் கலந்த புள்ளிகள் தெரியும். மெல்லிய தோல் மூடிய எண்ணெய்க் குடங்கள் அவை. விரலால் தொட்டாலே உடையும், அதனால்தான் துளசிச் செடியை உரசிக்கொண்டு போனாலே மணக்கிறது. எலுமிச்சைப்புல்லில் அப்படி இல்லை. அங்கே எண்ணெய் இலையின் உள்ளே தனிச் செல்களில் அடைபட்டிருக்கிறது. கசக்கினால்தான் வாசனை வரும். கறிவேப்பிலையிலும் தைல மரத்திலும் எண்ணெய் இலைக்குள் சிறு குழிகளில் இருக்கும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசி குத்தின மாதிரி புள்ளிகள் தெரியும்.

இந்த வேறுபாடு வேலையில் உதவும். வெளிச்சுரப்பி உள்ள செடியை மெதுவாகக் கையாள வேண்டும். சாக்கில் அமுக்கித் திணித்தால் வழியிலேயே எண்ணெய் போய்விடும். புல்லை நறுக்கியே வாலைக்குள் போடலாம். துளசியை நறுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். இலை உயிரோடு இருக்கும் காலம் முழுக்க எண்ணெய் ஊறிக்கொண்டே இருக்காது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராட்னி குரோட்டோ என்பவரின் குழு மிளகுப் புதினாவை வருடக்கணக்கில் ஆராய்ந்தது. ஓர் இலையில் எண்ணெய் உருவாகும் வேலை பெரும்பாலும் இலைக்கு 12 நாள் ஆனதிலிருந்து 20 நாள் ஆவதற்குள் முடிந்துவிடுகிறது என்று கண்டார்கள். அதற்குப் பிறகு அந்த இலை புதிதாகப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, செய்து வைத்ததை உருமாற்றுகிறது. ஆகவே ஒரு செடியில் எந்த நேரத்திலும் நிரம்பாத இலை, நிரம்பிய இலை, கிழடு தட்டிய இலை என்று மூன்றும் இருக்கும். நிரம்பிய இலைகள் அதிகமாக இருக்கும் நாளைப் பிடிப்பதுதான் நம் வேலை.

துளசி: கதிரைப் பாருங்கள்

துளசிக்கு நாள் கணக்கு ஒன்று சொல்வார்கள். நட்டதிலிருந்து 90 நாளில் முதல் வெட்டு, பிறகு 65 முதல் 75 நாளுக்கு ஒரு வெட்டு. இந்தக் கணக்கு தவறில்லை. ஆனால் அதைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். வட்டம் போட்ட தேதிக்குப் பத்து நாள் முன்பிருந்து தினமும் பாத்திக்குப் போய்க் கதிரைப் பார்க்க ஆரம்பியுங்கள்.

துளசிக் கதிர் கீழிருந்து மேலே பூக்கும். அடியில் உள்ள பூ விரியும்போது நுனி இன்னும் மொட்டாக இருக்கும். நுனிப் பூ விரியும்போது அடியில் விதை பிடித்துப் பழுப்பாகிவிடும். நான் வெட்டுகிற அடையாளம் இதுதான்: பாத்தியில் முக்கால்வாசிச் செடிகளில் கதிர் பாதிக்கு மேல் பூத்திருக்க வேண்டும், அடிப்பகுதி பழுப்பு வண்ணத்துக்கு மாற இப்போதுதான் தொடங்கியிருக்க வேண்டும். பூக்கதிரிலும் எண்ணெய் இருக்கிறது. அதனால் பூவோடு வெட்டினால் லாபம். கதிர் முழுக்கப் பழுத்து, கையில் உருவினால் விதை கொட்டுகிற நிலைக்குப் போனால் அடியிலைகள் உதிர்ந்திருக்கும், தண்டு விறகாகியிருக்கும், எடை இருந்தும் எண்ணெய் இருக்காது. ஒரு தடவை மகள் வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பினேன். இரண்டு பாத்தி அப்படித்தான் போயிற்று. அந்த வெட்டில் விதைதான் மிச்சம்.

வெட்டும்போது தரையிலிருந்து 15 சென்டிமீட்டர், முக்கால் சாண் என்று வையுங்கள், அவ்வளவு தண்டை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். அதில் நாலைந்து பச்சை இலையாவது இருக்கட்டும். மொட்டையாக அறுத்தால் மறுதாம்பு தளிர்ப்பதற்குள் பாதிச் செடி செத்துப் போகும். கருக்கரிவாள் நல்ல கூராக இருக்க வேண்டும். மழுங்கிய அரிவாள் இழுக்கிற இழுப்பில் செடி வேரோடு ஆடும்.

வாலை சின்னதாக இருந்தால் ஒரு சங்கடம் உண்டு. அரை ஏக்கரும் ஒரே நாளில் பூத்துவிட்டால் ஒரு வாரம் இரவு பகலாக எரிக்க வேண்டும், கடைசிப் பாத்தி முற்றிப் போகும். அதனால் நான் நிலத்தைப் பன்னிரண்டு பாத்தியாகப் பிரித்து, பாத்திக்குப் பாத்தி ஐந்தாறு நாள் இடைவெளி விட்டு நட்டிருக்கிறேன். ஒரு பாத்தி ஏறக்குறைய ஒரு வாலை. எண்ணெய் இறக்கும் எண்ணத்தோடு நடுகிறவர்கள் முதலில் வாலையின் கொள்ளளவைக் கேட்டுவிட்டு அப்புறம் நாற்று வாங்குங்கள்.

எத்தனை மணிக்கு?

எங்கள் அத்தை, அதாவது மாமியார், சாயங்காலம் துளசி பறிக்க விடமாட்டார். வெயில் ஏறினாலும் திட்டுவார். பூஜைக்குப் பறிப்பதற்கான சாஸ்திரம் அது. என் நோட்டில் ஏறத்தாழ அதுவேதான் எண்களாக இருக்கிறது என்பதை அவர் இருந்தபோது காட்ட முடியவில்லை.

பனி உலர்ந்த பிறகு, வெயில் சுடுவதற்கு முன். எங்கள் பக்கம் சித்திரையில் அது காலை 7 மணி முதல் 9 மணி வரை. மார்கழியில் எட்டரை மணிக்கும் இலை நனைந்திருக்கும், அப்போது ஒன்பதிலிருந்து பதினொன்று. காரணம் எளிது. வாசனை எண்ணெயில் லேசாக ஆவியாகிற பொருள்களும் இருக்கின்றன, கனமானவையும் இருக்கின்றன. வெயில் ஏற ஏற லேசானவை முதலில் பறக்கும். மத்தியானம் துளசித் தோட்டம் கமகமவென்று மணக்கிறதே என்று வந்தவர்கள் மகிழ்வார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். காற்றில் மணப்பது பாட்டிலில் வராது.

எல்லாச் செடிக்கும் காலைதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கிராம்பு மணம் வருகிற பெருந்துளசியைப் பிரேசிலில் நேரம் மாற்றி மாற்றிப் பறித்துச் சோதித்தபோது, யூஜினால் என்கிற அந்தக் கிராம்புப் பொருள் நண்பகலில் உச்சத்தில் இருந்தது, மாலை ஐந்து மணிக்குப் பெரிய அளவில் சரிந்திருந்தது. ஒரே நாள், ஒரே செடி. ஆகவே உங்கள் செடிக்கு உங்கள் ஊரில் எது நல்ல மணி என்பதை நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். தெரியாதவரை காலை பாதுகாப்பு.

மல்லிகைக்கு இந்தக் கணக்கு செல்லாது, அது தனி ராஜ்ஜியம். மதுரைப் பக்கம் மொட்டாகக் காலையில் பறிக்கிறார்கள், பறித்த பிறகும் மொட்டு வாசனையை உண்டாக்கிக்கொண்டே இருந்து ராத்திரியில் விரிந்து கொட்டும். துளசிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெட்டிய நிமிடத்திலிருந்து செலவுதான்.

மழை விஷயம். நல்ல மழைக்குப் பிறகு செடி தண்ணீரை உறிஞ்சி ஊதியிருக்கும். இலை பெரிதாகும், எண்ணெய் அந்த வேகத்தில் ஊறாது. ஈரத் தழையை வாலையில் ஏற்றினால் அந்தத் தண்ணீரைச் சூடாக்கவே விறகு போகும். மழை விட்டபின் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடிக்கட்டும், பிறகு வெட்டுங்கள். அதே காரணத்துக்காக வெட்டுக்கு நாலைந்து நாள் முன்பே பாசனத்தையும் நிறுத்திவிடுவேன். ரொம்ப வாட்டிவிடவும் கூடாது, இலை உதிர ஆரம்பித்தால் எல்லை தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

புதினா, எலுமிச்சைப்புல், மற்றவை

புதினாவை நாம் இளசாகத்தான் விரும்புவோம், சட்னிக்கு. எண்ணெய்க்கு நேர் எதிர். உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் மெந்தால் புதினாவை ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள், அவர்கள் நட்டு 100 முதல் 120 நாள் வரை காத்திருக்கிறார்கள். இளம் இலையில் மெந்தோன் என்கிற பொருள் அதிகம். இலை முற்ற முற்ற அது மெந்தாலாக மாறுகிறது. வாயில் போட்டால் ஜில்லென்று இருப்பது மெந்தால்தான். அதனால் அவர்கள் பார்க்கிற அடையாளம் அடியிலை மஞ்சளாகத் தொடங்குவது. அதற்கு மேல் பொறுத்தால் இலை கொட்டிவிடும், மாறிய மெந்தால் மண்ணுக்குப் போகும். நம் வீட்டுச் சந்தைப் புதினா வேறு இனம், அதில் மெந்தால் அவ்வளவாகக் கிடையாது. அதை எத்தனை நாள் முற்றவிட்டாலும் தைலமாகாது. இதைத் தெரியாமல் கிணற்றடிப் புதினாவைப் பூக்கவிட்டு வாலை ஏற்றி, ‘சட்னி’ என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

எலுமிச்சைப்புல் சோம்பேறிகளுக்கு ஏற்ற பயிர். முதல் வெட்டு 90 நாளில், பிறகு 50 முதல் 60 நாளுக்கு ஒரு முறை. தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும். இதன் உயிர் எலுமிச்சை மணம் தருகிற சிட்ரால் என்கிற பொருள், நல்ல எண்ணெயில் அது முக்கால் பங்குக்கு மேல் இருக்கும். கேரளத்தில் ஓடக்காலியில் இந்தப் புல்லுக்கென்றே 1951இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த சுகந்தி என்கிற ஓடி-19 ரகம்தான் என் வயலிலும் நிற்கிறது. புல்லில் நான் பார்க்கிற அடையாளம் இரண்டு. ஒவ்வொரு தூரிலும் நாலைந்து முழு இலை விரிந்திருக்க வேண்டும், அடியில் ஓரிரு இலை மட்டும் நுனி காய ஆரம்பித்திருக்க வேண்டும். காய்ந்த இலை கூடினால் எடை குறைந்து எண்ணெயும் குறையும். வெட்டு தள்ளிப்போய்ப் பூத்தண்டு எழும்பிவிட்டால் அறுத்துத் தள்ளிவிட்டு அடுத்த தாம்புக்குக் காத்திருப்பதே மேல். பச்சை எடையில் நூற்றுக்கு 0.2 முதல் 0.4 வரை எண்ணெய் வரும். மழைக்காலத்தில் கீழ் எண்ணும் கோடையில் மேல் எண்ணும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூக்கை வைத்தே முடிவெடுக்கிற செடி என்றால் ஜெரானியம்தான். கொடைக்கானல் மலையில் பயிரிடுகிறார்கள். இளம் இலையைக் கசக்கினால் எலுமிச்சை மாதிரி மணக்கும். முற்றி இலை வெளிர்ப் பச்சையாகத் திரும்பும்போது எலுமிச்சை மறைந்து ரோஜா வரும். அந்த ரோஜா வந்த நாள்தான் வெட்டு. கருவி வேண்டாம், காலண்டர் வேண்டாம். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

கொத்தமல்லியும் கிட்டத்தட்ட அப்படியே. விளாத்திகுளம், கோவில்பட்டி கரிசலில் மானாவாரியாகப் போட்டிருக்கும் மல்லிக் காட்டுக்குள் காய் பச்சையாக இருக்கும்போது போய்ப் பாருங்கள், மூட்டைப்பூச்சி நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்தைத் தருவது ஆல்டிஹைடு என்கிற வகைப் பொருள்கள். காய் பழுத்துக் காயக் காய அவை குறைந்து லினலூல் என்கிற இனிய வாசனைப் பொருள் மேலோங்கும், முற்றின விதை எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். விலை நன்றாக இருக்கிறது என்று பச்சை வாட்டத்தில் பிடுங்கினால் அந்த நாற்றம் கொஞ்சம் கூடவே வரும். தலைக்கொத்துகளில் பாதி பழுப்பானதும் பிடுங்கி நிழலில் உலர்த்துவது நடுவழி. ரொம்பக் காத்திருந்தால் மணி உதிரும்.

வெட்டிவேருக்கு மணி, நாள் எல்லாம் கிடையாது, வருடம்தான். ஒன்றரை வருடத்துக்கு முன் தோண்டினால் வேர் மெல்லிசாக இருக்கும், வாசனையில் பச்சை மண் வாடை தூக்கலாக இருக்கும். கடலூர்ப் பக்கத்து மணல் நிலங்களில் அதைப் போடுகிறவர்களிடம் பொறுமை இருக்கிறது. எனக்கு இல்லை, வரப்புக்கு மண் பிடிக்க மட்டும் விட்டிருக்கிறேன்.

வெட்டிய பிறகு நான்கு மணி நேரம்

சரியான நேரத்தில் வெட்டிவிட்டு இங்கே கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். துளசியை வெட்டிய இடத்திலேயே, அல்லது நிழலில், நாலைந்து மணி நேரம் வாடவிட வேண்டும். கனம் குறையும், வாலையில் அதிகம் கொள்ளும், நீராவி சீராக ஏறும். எலுமிச்சைப்புல்லை நிழலில் ஒரு நாள் முழுக்க வாடவிடலாம், ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இரண்டையும் முழங்கால் உயரத்துக்கு மேல் குவிக்காதீர்கள். பரப்பி, நடுவில் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். குவியலில் கை விட்டால் வெதுவெதுப்புத் தெரிந்தால் உடனே கலைத்துவிடுங்கள். அது புளிக்க ஆரம்பித்துவிட்டது. என் முதல் வரி ‘நாறல்’ அங்கேதான் பிறந்தது.

துளசிக்கு நீராவி விட்டு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், புல்லுக்கு இரண்டு முதல் மூன்று. லேசான வாசனைகள் முதலில் வரும், கனமானவை கடைசியில். நடுவில் அவசரப்பட்டு அடுப்பை அணைத்தால், நல்ல நேரத்தில் வெட்டிய தழையும் அரைகுறை வாசனைதான் தரும். துளசியில் இன்னொரு வேடிக்கை. யூஜினால் தண்ணீரைவிடக் கனம். அது அதிகமாக இருக்கிற வெட்டில் எண்ணெய் ஒழுங்காக மிதக்காமல், எண்ணெயையும் நீரையும் பிரிக்கிற பிரிகலத்தின் நடுவில் துளித்துளியாகத் திரியும். முதலில் பயந்தேன். இப்போது அப்படித் திரிந்தால் மனசுக்குள் ஒரு சந்தோஷம். அன்றைக்கு நோட்டில் ‘கிராம்பு’ என்று எழுதப் போகிறேன் என்று தெரிந்துவிடும். ஒரு நாள் தெளியவிட்டு, ஈரம் துளியும் இல்லாமல், பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடி வைத்தால் போதும். அரைப் பாட்டிலாக வைத்தால் உள்ளே இருக்கும் காற்றே எண்ணெயைக் கெடுக்கும், சிட்ரால் இதில் ரொம்பத் தொட்டாற்சுருங்கி.

வீட்டில் டீக்கும் கஷாயத்துக்கும் காய வைக்கிறவர்களுக்கு ஒரே வார்த்தை: பூ வருவதற்குச் சற்று முன் கிள்ளுங்கள், நிழலில் காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயில் ஆகாது. 40 டிகிரிக்கு மேல் சூடானால் வாசனை பறந்து வைக்கோல்தான் மிஞ்சும்.

வாலை இல்லாமல் சோதிப்பது

என்னிடம் நேரம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் வாலை கிடையாது. அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முறை இது. ஒரு நாள் காலையில் 200 கிராம் தழை, அதே செடிகளில் அதே நாள் மத்தியானம் மூன்று மணிக்கு 200 கிராம். நிறுத்துதான் எடுக்க வேண்டும், கண் மதிப்பு ஆகாது. அகலமான பாத்திரத்தின் நடுவில் ஒரு சின்ன ஸ்டாண்ட், அதன் மேல் ஒரு கிண்ணம். சுற்றிலும் தழை, தழை மூழ்கும் அளவு தண்ணீர், ஆனால் கிண்ணத்துக்குள் வழியக் கூடாது. மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன் குழியில் ஐஸ் கட்டி வையுங்கள். சிறு தீயில் அரை மணி நேரம். நீராவி மேலே போய்க் குளிர்ந்து மூடியின் நடுவிலிருந்து கிண்ணத்தில் சொட்டும். இதுதான் தீநீர், வாலையின் குழந்தை வடிவம். குக்கரில் குழாய் மாட்டி இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தழை அடைத்துக்கொண்டால் வெடிக்கும்.

இரண்டு தீநீரையும் ஒரே மாதிரிச் சின்ன பாட்டிலில் ஊற்றி, அடியில் மட்டும் அடையாளம் எழுதி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் வீட்டில் உள்ளவர்களிடம் எது காலை, எது மத்தியானம் என்று சொல்லாமல் மோந்து பார்க்கக் கொடுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் எதில் தடித்து நிற்கிறது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இதே சோதனையைப் பூ வருவதற்கு முன், பாதி பூத்தபோது, விதை பிடித்தபோது என்று மூன்று கட்டங்களில் செய்துவிட்டால் உங்கள் செடிக்கு உங்கள் மண்ணில் எது நேரம் என்பது கையில் வந்துவிடும். ஒரு பூப்பருவம் போதும்.

அதற்கும் நேரமில்லை என்றால் விரல் சோதனை. நுனியிலிருந்து மூன்றாவது ஜோடி இலையில் ஒன்றைக் கிள்ளி, இரண்டு விரலுக்கு நடுவில் மூன்று தடவை உருட்டி உடனே மோந்து பாருங்கள். அரை மணி நேரம் கழித்து, கை கழுவாமல், மறுபடி மோந்து பாருங்கள். முதல் வாசனை லேசான பொருள்களுடையது, இரண்டாவது கனமானவற்றுடையது. துளசியில் இரண்டாவது தடவையும் கிராம்பு நின்றால் செடி தயார். வெறும் பச்சை வாடைதான் மிஞ்சியிருக்கிறது என்றால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். தினமும் ஒரே ஆள் மோந்து பார்ப்பது முக்கியம். எங்கள் வீட்டில் ஜலதோஷம் பிடித்த வாரத்தில் எனக்கு அந்த வேலை இல்லை, மருமகன் பார்ப்பார். அவருக்குப் புதினாவுக்கும் துளசிக்கும் வித்தியாசம் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இதை எழுதுகிற இன்று ஏழாம் பாத்தியில் கதிர் பாதி பூத்திருக்கிறது. முந்தாநாள் ஒரு தூறல். நாளையும் நாளை மறுநாளும் வெயில் அடித்தால் மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். நோட்டில் தேதி எழுதி வைத்துவிட்டேன், பென்சிலில்.